முகச் சுருக்கத்திற்கு ஊசி: எத்தனை மாதம் நிற்கும்?

ஒட்டிய கன்னத்தை உப்பச் செய்யவும், மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை விழும் மடிப்பை நிரப்பவும் தோலுக்கு அடியில் போடப்படும் ஊசிகள் ‘ஃபில்லர்’ எனப்படுகின்றன. தசையைத் தளரச் செய்யும் ‘போட்டாக்ஸ்’ வேறு, இது வேறு. இதைப் போட்டுக்கொள்ள விரும்புவோர் முதலில் விலையைக் கேட்கின்றனர், அடுத்து, “எத்தனை நாள் நிற்கும்?” என்கின்றனர். ஊசியில் உள்ள பொருள் யாது என்பதைப் பொறுத்ததே இதற்கு விடை.

இன்று பெரும்பாலும் பயன்படுவது ஹயலுரானிக் அமிலம். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். நம் தோலிலும் மூட்டுகளிலும் கண்ணிலும் இறைவன் படைப்பிலேயே வைத்த பொருள்தான். 1934-ல் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்னும் இருவர் மாட்டின் கண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். தோலில் இயல்பாக உள்ள இப்பொருள் ஓரிரு நாளில் சிதைந்து, மீண்டும் புதிதாக உண்டாகிறது. ஆகவே ஊசிக்கென இதன் இழைகளை வேதியியல் முறையில் ஒன்றோடொன்று பிணைத்துக் கூழாக்குகின்றனர். இக்கூழ் பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நிற்கும். சில வகைகள் ஒன்றரை ஆண்டு. ஓயாமல் அசையும் உதட்டில் விரைவில் கரையும்; கன்ன எலும்பின்மேல் நெடுநாள் தங்கும். வெளியே பலன் மறைந்த பின்னும் உள்ளே எச்சம் பல ஆண்டுகள் இருப்பதை எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டியுள்ளன. கரைந்துவிட்டதென்று எண்ணி மேலும் மேலும் ஏற்றிக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாட்டுக் கொல்லாஜன் மூன்று, நான்கு மாதங்களே நின்றது. கால்சியம் துகள்கள் ஓராண்டுக்குச் சற்று மேல்; பாலிலாக்டிக் அமிலம் இரண்டாண்டு வரை. இவ்வமிலத்திற்கு அமெரிக்கா 2004-ல் முதன்முதல் அனுமதி அளித்தது அழகுக்காக அன்று. எச்.ஐ.வி. தொற்றியோரின் கன்னக் கொழுப்பு கரைந்து, முகமே அவர்களது நோயை ஊருக்கு அறிவித்து வந்தது. அம்முகத்தை மீட்டுத் தருவதற்காகவே அளித்தது. இதை வீண் ஆடம்பரம் என்று நாம் எவ்வாறு சொல்வோம்?

1958 அக்டோபர் 4-ல், தாம் இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு, பாப்பரசர் 12-ம் பத்திநாதர் இத்தாலியப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களுக்கு உரையாற்றினார். உடலழகும் ஒரு நன்மையே, ஆயினும் அதனினும் உயர்ந்த நன்மைகளுக்குக் கீழ்ப்பட்டது எனவும், நோக்கத்தையும் சூழ்நிலையையும் கொண்டே இத்தகைய சிகிச்சையை மதிப்பிட வேண்டும் எனவும் அவர் விளக்கினார்.

என்றும் கரையாத மருந்தே மேல் எனச் சிலருக்குத் தோன்றலாம். வியன்னா நகர மருத்துவர் ராபர்ட் கெர்சுனி 1899-ல் வாசலினை ஊசி வழியே ஏற்றினார். பின்னர் பாரஃபினும் அவ்வாறே பலருக்கு ஏற்றப்பட்டது. அது கட்டிகளாகித் திரண்டு முகங்களைச் சிதைத்தது. ஹயலுரானிக் அமிலத்திற்கோ, அதைக் கரைக்கும் நொதி ஒன்று உண்டு. ஆயினும் எந்த ஃபில்லரும் தவறி இரத்தக் குழாயில் புகுமாயின் தோல் அழுகலாம். பார்வையே போகவும் கூடும்.

இங்கிலாந்தில் 2021 அக்டோபர் முதல் 18 வயதுக்கு உட்பட்டோர்க்கு அழகுக்காக இவ்வூசி போடுவது குற்றம். பருவ வயதுப் பிள்ளைகளைப் பெற்றோர் இதை அறிந்திருப்பது நலம். பெரியவர்களும் ஊசி போடுபவர் தகுதி பெற்ற மருத்துவரா, கரைக்கும் நொதி கையிருப்பில் உள்ளதா என்று கேட்டறிந்து, மருந்துப் பெட்டியின் ஒட்டுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்க. பின்னர் கடும் வலியோ, தோல் வெளுப்போ, பார்வை மங்கலோ கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க.