உடைத்தவன் வெள்ளையன்! உயிர் கொடுத்தவன் உழைப்பாளி!

போர் விமானம் பறக்கிறது. அண்ணாந்து பார்க்கிறோம். ஓட்டுகிற வீரனைப் புகழ்கிறோம். புகழ்வோம், தவறில்லை! ஆனால் தோழர்களே, அந்த வீரன் எந்தத் தகட்டை நம்பி உயிரை ஒப்படைத்திருக்கிறானோ, அந்தத் தகட்டைத் தட்டி வளைத்தவன் யார்? துளையிட்டு ஆணி அடித்தவன் யார்? நெருப்பைக் கையில் ஏந்தி எஃகை எஃகோடு இணைத்தவன் யார்? அவனைப் பற்றிப் பேசுவோம் இன்று.

இரண்டாம் உலகப் போர் 1945ல் முடிந்தது. பிரிட்டிஷ் விமானப்படை தன் ‘லிபரேட்டர்’ குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் போட்டுவிட்டுப் போயிற்று. நான்கு எஞ்சின்கள், இறக்கை முனைக்கு முனை 110 அடி! அமெரிக்கா போர்க்காலக் கடனாகக் கொடுத்தவை. இனி எவரும் பறக்கவிடக் கூடாது என்று, போகிற போக்கில் நாசம் செய்தார்கள். கருவிகளை நொறுக்கினார்கள்; உடலைக் குத்திக் கிழித்தார்கள்; எஞ்சினில் மணலைக் கொட்டினார்கள். பெயரோ லிபரேட்டர், விடுதலை தருபவன்! கிடந்ததோ குப்பை மேட்டில்!

நாடு விடுதலை பெற்றது. குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது. வாங்கப் பணம்? இல்லை. செய்யக் கைகள்? இருந்தன! 1940ல் வால்சந்த் ஹீராசந்தும் மைசூர் அரசும் தொடங்கிய பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, போர்க்காலத்தில் அமெரிக்கப் படையின் விமானங்களைப் பழுதுபார்த்துப் பழகிய ஆலை. அங்கிருந்து தொழிலாளர்கள் கான்பூருக்குப் போனார்கள். ஒன்றின் உறுப்பை எடுத்து மற்றொன்றில் பொருத்தி, ஒரே ஒரு பயணம் தாங்குமளவு ஒட்டுப் போட்டார்கள். ஜாம்ஷெட் முன்ஷி என்ற விமானி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே பிரித்து மேய்ந்து புதுப்பித்தார்கள். 1948 நவம்பரில் முதல் விமானங்கள் படையில் சேர்ந்தன. இப்படி உயிர் பெற்றவை நாற்பதுக்கும் மேல்! 1968 வரை பறந்தன!

முன்ஷியின் துணிவை வரலாறு சொல்கிறது. சொல்லட்டும். ஒட்டுப் போட்ட கைகளின் பெயரை எத்தனை பேர் சொல்கிறோம்?

எளிய வேலையா அது? ஒரு லிபரேட்டரில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரிவிட் ஆணிகள். வெளியே ஒருவன் ரிவிட் துப்பாக்கியைப் பிடிப்பான். உள்ளே ஒருவன் முடங்கிக் கிடந்து இரும்புக் கட்டியை முட்டுக் கொடுப்பான். இவன் முகம் அவனுக்குத் தெரியாது. தகட்டில் தட்டும் ஓசையே அவர்கள் பேச்சு. அவன் சாதி என்ன, இவன் சாதி என்ன என்று அந்த ஆணி கேட்டதா?

தகட்டில் கீறல் கண்டால், அதன் நுனியில் சிறு துளை போடுவான் தொழிலாளி. கீறல் அங்கேயே நின்றுவிடும். அதன்மேல் ஒட்டுத் தகடு வைத்து ஆணி அடிப்பான். ஏன், பற்றவைத்துவிட்டால் என்ன? கூடாது! சூடு பட்டால் அந்த அலுமினியக் கலவை வலுவிழந்துவிடும். எஃகுக் குழாய், புகைபோக்கி இவற்றில்தான் வெல்டருக்கு வேலை. அதிலும் கண்ணுக்குத் தெரியாத குமிழி ஒன்று உள்ளே தங்கினால் போதும். அதிர்விலே அங்கிருந்து விரிசல் பிறக்கும். வானத்தில் விரிசல் என்றால் என்ன பொருள்? மரணம்!

இது எந்தக் குலத்தின் குலத்தொழில்? மனு போட்ட பட்டியலில் விமானத் தகடு தட்டுபவனுக்கு எந்த வருணம்? பிறப்பில் வந்ததல்ல தோழர்களே, பயிற்சியில் வந்தது இந்தத் திறமை! அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று 1953ல் இங்கே ஒரு கல்வித் திட்டம் வந்ததே, நினைவிருக்கிறதா? குலக்கல்வி என்று கொதித்தோம். 1954ல் அது போயிற்று. போகாதிருந்தால், குடிசையில் பிறந்தவன் கையில் வெல்டிங் சுடர் ஏறியிருக்குமா?

அந்தச் சுடருக்கு விலையும் உண்டு. ரிவிட் இரைச்சல் காதைத் தின்கிறது. அதிர்வு விரலை மரக்கச் செய்கிறது. தகட்டுக்குப் பூசும் மஞ்சள் குரோமேட் வண்ணமும், துருப்பிடிக்காத எஃகை வெல்டிங் செய்யும்போது எழும் புகையும் புற்றுநோய்க்கு வழி திறப்பவை. மேடையிலே தேசபக்தி பேசிவிட்டு, பட்டறையிலே காதுக்கு மூடியும் மூச்சுக்குக் கவசமும் தர மறுப்பது எந்த ஊர் நியாயம்?

2019ல் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சியை இணைத்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கப்பட்டது. ஆலை வரட்டும், வரவேற்போம்! ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு முறையான பயிற்சி வேண்டும், நிரந்தர வேலை வேண்டும், கவசம் வேண்டும். கேட்பது பிச்சையல்ல, உரிமை!

கான்பூரில் சிதைத்துப் போட்டார்களே, அந்த விமானங்களுக்கு மறுவாழ்வு தந்த படையிடமிருந்து 1974ல் ஒரு லிபரேட்டரைப் பெற்று, பிரிட்டனின் விமானப்படை அருங்காட்சியகம் பாதுகாத்து வைத்திருக்கிறது. உடைத்தவன் நாட்டிலே காட்சிப் பொருள்! அதைக் காண்போர் ‘என்ன விமானம்!’ என்பார்கள். நாம் சொல்வோம்: ‘என்ன கைகள்!’