லுத்தரன் ஞானஸ்நானமும் பிசாசின் ஆளுகையிலிருந்து விடுதலையும்

ஞானஸ்நானம் (திருமுழுக்கு) என்பது லுத்தரன் திருச்சபைகள் ஏற்கும் அருட்சாதனங்களுள் ஒன்றாகும். மார்ட்டின் லூதர் (1483–1546) 1529 ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் இதற்கு மூன்று பயன்களைக் கூறுகிறது. அவை பாவமன்னிப்பு, மரணத்திலிருந்தும் பிசாசிடமிருந்தும் விடுதலை, நித்திய இரட்சிப்பு என்பனவாம். இக்கட்டுரை இரண்டாவது பயனில் அடங்கும் பிசாசிடமிருந்து விடுதலை என்பதன் பொருளையும், அது தமிழகத்தில், சிறப்பாகச் சென்னையில், எவ்வாறு புரிந்துகொள்ளப்பட்டது என்பதையும் விளக்குகிறது.

இவ்விடுதலையைப் பேயோட்டுதல் என்று எண்ணிக்கொள்வது எளிது. ஆனால் லுத்தரன் போதனை கூறுவது வேறு. ஒரு தலைவனுக்கு உட்பட்டிருந்தவர் இன்னொரு தலைவனுக்கு உரியவர் ஆகிறார் என்பதே அதன் சாரம்.

பிசாசு என்னும் சொல்

தமிழ் வழக்கில் பேய் என்பது பெரும்பாலும் அகால மரணம் அடைந்தோரின் ஆவியைக் குறிக்கும். புளியமரம், சுடுகாடு, பாழடைந்த கிணறு முதலியன அதன் இருப்பிடங்களாகக் கூறப்படும். அது பலவாகும், ஒருவரைப் பிடிக்கும், விரட்டினால் போகும். கிறித்தவ மறைநூலில் பிசாசு எனப்படுவதோ கடவுளை எதிர்க்கும் ஒருவன். கிரேக்க மூலத்தில் இதற்குரிய தியாபொலோஸ் என்னும் சொல்லுக்குப் பழி சுமத்துபவன் என்பது பொருள். புரோட்டஸ்தாந்தரின் தமிழ் வேதாகமம் இதனைப் பிசாசு என்றும், 1995 இல் வெளிவந்த திருவிவிலியம் அலகை என்றும் மொழிபெயர்க்கின்றன.

பழி சுமத்துபவன் என்ற பொருளை மனத்தில் கொண்டால் லூதரின் வாதம் எளிதில் விளங்கும். ஒருவர் செய்த பாவத்தை எடுத்துக்காட்டி, இவர் எனக்கே உரியவர் என்று வழக்குத் தொடுப்பதே பிசாசின் அதிகாரம். பாவம் மன்னிக்கப்பட்டுவிட்டால் வழக்குக்கு ஆதாரம் இல்லாமல் போகிறது. ஆகவே மேற்கூறிய மூன்று பயன்களும் தனித்தனியானவை அல்ல. மன்னிப்பு கிடைக்கும் இடத்தில் பிசாசின் உரிமை முடிகிறது. அந்த உரிமை முடியும் இடத்தில் வாழ்வு தொடங்குகிறது.

நீரும் வார்த்தையும்

நீர் எவ்வாறு இத்தனை பெரிய காரியத்தைச் செய்யும் என்ற கேள்வியைச் சிறிய ஞானோபதேசமே எழுப்புகிறது. வெறும் நீர் எதையும் செய்வதில்லை என்பது அதன் விடை. நீரோடு சேர்ந்திருக்கும் இறைவார்த்தையும், அவ்வார்த்தையைப் பற்றிக்கொள்ளும் விசுவாசமுமே செயல்படுகின்றன. வார்த்தை இல்லையெனில் அது சமைப்பதற்கும் குளிப்பதற்கும் பயன்படும் நீர் மட்டுமே. மந்திரித்த தண்ணீருக்கு இயல்பாகவே ஆற்றல் உண்டு என்ற நம்பிக்கைக்கு இங்கு இடமில்லை. நீரின் அளவும் முக்கியமன்று. தலையில் மூன்று முறை ஊற்றினாலும் முழுவதும் மூழ்க வைத்தாலும் ஞானஸ்நானம் ஒன்றே. தம் காலத்தில் மூழ்க வைக்கும் முறையையே லூதர் விரும்பினார் என்பதைப் பலர் அறிவதில்லை. பழைய மனிதன் மூழ்கிச் சாக வேண்டும் என்பதற்கு அது பொருத்தமான அடையாளம் என அவர் கருதினார்.

விசுவாசம் தேவை எனில் பச்சிளங் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது ஏன்? 1529 இல் வெளிவந்த பெரிய ஞானோபதேசத்தில் லூதர் இதற்கு விரிவாக விடை கூறுகிறார். விசுவாசம் ஞானஸ்நானத்தை உண்டாக்குவதில்லை, அதைப் பெற்றுக்கொள்ள மட்டுமே செய்கிறது என்பது அவர் கருத்து. பெறுபவரின் கை நடுங்குவதால் கொடுக்கப்பட்ட பொன் செம்பாகிவிடாது என்று இதனை நாம் விளங்கிக்கொள்ளலாம். 1530 ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கையின் ஒன்பதாம் பிரிவும் குழந்தைகளின் ஞானஸ்நானத்தை வலியுறுத்துகிறது.

சடங்கில் பேயோட்டும் கட்டளை

லூதர் 1523 இல் ஞானஸ்நான முறைமையை இலத்தீனிலிருந்து செருமன் மொழிக்குக் கொண்டுவந்தார். மக்கள் தம் மொழியில் கேட்டால்தான் மனம் ஊன்றி வேண்டுவர் என்பது அவர் கூறிய காரணம். முதற் பதிப்பில் குழந்தையின் முகத்தில் ஊதுதல், நாவில் உப்பு வைத்தல், எண்ணெய் பூசுதல் ஆகியவை இருந்தன. 1526 ஆம் ஆண்டுப் பதிப்பில் இவற்றை நீக்கிவிட்டார். ஆனால் அசுத்த ஆவியே வெளியேறு என்னும் கட்டளையையும், பிசாசையும் அவன் செயல்களையும் துறக்கிறாயா என்னும் வினாக்களையும், சிலுவை அடையாளத்தையும் விட்டுவைத்தார். நோவாவின் வெள்ளத்தையும் செங்கடலில் பார்வோனின் படை மூழ்கியதையும் நினைவுகூரும் வெள்ள மன்றாட்டு இம்முறைமையின் புகழ்பெற்ற பகுதியாகும். ஒரே நீர் அடிமைகளுக்கு வழியாகவும் அவர்களைத் துரத்திவந்த அரசனுக்குச் சமாதியாகவும் ஆனது என்பதே அங்குள்ள ஒப்பீடு. தலைவன் மாறுவதற்கு இதைவிடத் தெளிவான உருவகம் கிடைப்பது அரிது.

இந்நூலின் முன்னுரையில் குறிப்பிடத்தக்க ஓர் எச்சரிக்கை உள்ளது. பிசாசைக் குழந்தையிடமிருந்து விரட்டுவது விளையாட்டன்று. அவ்வாறு செய்வோர் அக்குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் தொடரும் வலிமைமிக்க பகைவன் ஒருவனையும் ஏற்படுத்திவிடுகின்றனர். எனவே ஞானப் பெற்றோர் முழு மனத்தோடு வேண்ட வேண்டும் என்கிறார் லூதர். விடுதலை பெற்றவருக்குப் போராட்டம் முடிவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது. அடிமையாய் இருப்பவனோடு எசமான் போரிடுவதில்லை அன்றோ!

பிற்காலத்தில் இக்கட்டளை பெரும் பூசலுக்குக் காரணமாயிற்று. குழந்தை பேய் பிடித்ததன்று, ஆதலால் இது தேவையற்றது என்று கால்வினியர் கூறினர். இது உடலைப் பேய் பிடித்திருப்பதைக் குறிக்கவில்லை, ஆன்மிக அடிமைத்தனத்தையே சுட்டுகிறது என்று லுத்தரன் இறையியலாளர் விடையளித்தனர். 1591 இல் சாக்சனியின் ஆட்சியாளர் முதலாம் கிறித்தியான் இதனை நீக்க ஆணையிட்டார். டிரெசுடன் நகரில் இறைச்சி வெட்டும் தொழிலாளி ஒருவர் தம் மகளின் ஞானஸ்நானத்தின்போது வெட்டுக்கத்தியுடன் வந்து நின்று, அக்கட்டளையை விட்டுவிட்டால் போதகரின் தலையைப் பிளந்துவிடுவதாக மிரட்டினார் எனப் பதிவாகியுள்ளது. அறிஞர்களின் சர்ச்சை ஓர் எளிய தந்தைக்குத் தம் குழந்தை யாருக்கு உரியது என்ற கேள்வியாகவே பட்டிருக்கிறது. அவ்வாண்டிலேயே ஆட்சியாளர் இறந்தார். அவருடைய அமைச்சர் நிக்கோலாசு கிரெல் சிறைப்பட்டு 1601 இல் தலை வெட்டப்பட்டார்.

18 ஆம் நூற்றாண்டில் பக்தி இயக்கத்தின் தாக்கத்தாலும் அறிவொளிக் காலச் சிந்தனையாலும் இக்கட்டளை பல நாடுகளில் வழக்கொழிந்தது. டென்மார்க்கில் 1783 இல் நீக்கப்பட்டது. பிசாசைத் துறக்கும் வினா மட்டும் நிலைத்தது.

தரங்கம்பாடியில்

பர்த்தலோமேயு சீகன்பால்கு (1682–1719), என்றிக் புளுட்சோ ஆகிய இருவரும் 1706 சூலை 9 அன்று டேனியரின் தரங்கம்பாடிக்கு வந்தனர். அடுத்த ஆண்டு மே மாதத்தில் அங்கு முதன்முறையாக ஐவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. அவர்கள் ஐரோப்பியரிடம் அடிமைகளாக இருந்தவர்கள். பிசாசின் ஆளுகையிலிருந்து விடுதலை என்ற சொற்கள் தமிழகத்தில் முதலில் எவர் காதில் விழுந்தன என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். லூதரின் போதனையில் ஞானஸ்நானம் ஒருவரின் சமூக நிலையை மாற்றும் சட்டச் செயல் அன்று. எனினும் வேறொருவரின் உடைமையாய் வாழ்ந்த ஒருவருக்குத் தலைவன் மாறுகிறான் என்ற செய்தி வெறும் உருவகமாக மட்டும் ஒலித்திருக்குமா என்பது ஐயமே.

ஞானஸ்நானம் என்ற சொல் கத்தோலிக்கரிடையே முன்பே வழங்கியது. ஞானத்தால் ஆகிய குளியல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். சீகன்பால்கு 1713 இல் தரங்கம்பாடியில் அச்சிட்ட சிறுநூல் ஒன்று அக்கியானம், அதாவது அறியாமை, என்பதைப் பொருளாகக் கொண்டது. அறியாமையிலிருந்து அறிவுக்கு என்ற இந்த வழி தமிழருக்குப் பழக்கமானது. சைவ சித்தாந்தம் பேசும் ஆணவ மலத்தின் இருளை நினைவூட்டுவது. ஆனால் லூதர் அடிமைத்தனத்திலிருந்து உரிமைக்கு என்ற வழியில் பேசினார். அறிவு பெறாத குழந்தையும் அதனால்தான் அங்கு இடம்பெறுகிறது. தமிழ்ச் சொல்லில் இந்த வேறுபாடு சற்று மறைந்துவிடுகிறது.

அதே 1713 இல் சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி பற்றிய நூலை எழுதி முடித்தார். அது 1867 இல்தான் சென்னையில் அச்சேறியது. ஐயனார், மாரியம்மன், பிடாரி முதலிய ஊர்த் தெய்வங்கள் பேய்களிடமிருந்து மக்களைக் காப்பதாக நம்பப்பட்டதை அவர் அதில் கவனமாகப் பதிவு செய்துள்ளார். ஆயினும் அத்தெய்வ வழிபாடே பிசாசின் ஆளுகை என்பது அக்கால மறைப்பணியாளர்களின் முடிவு. காவல் தெய்வமும் அது விரட்டும் பேயும் அவர்கள் கணக்கில் ஒரே பக்கத்தில் வந்து நின்றன. ஞானஸ்நானம் பெற்றவர் எதைத் துறந்தார் என்று அயலார் கேட்டால், பாவத்தை என்பதைவிட ஊர்த் திருவிழாவை என்ற விடையே அவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

சாதியைப் பொறுத்தவரை துறத்தல் அவ்வளவு தெளிவாக இல்லை. தரங்கம்பாடியின் புதிய எருசலேம் ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கைகள் இருந்தன. தஞ்சாவூர்ப் பகுதியில் நெடுங்காலம் உபதேசியாராக உழைத்த ராஜநாயக்கன் தாழ்த்தப்பட்ட சமூகத்தவர் என்பதால் குருப்பட்டம் பெறவில்லை. 19 ஆம் நூற்றாண்டில் லைப்சிக் மிஷன் சாதியைச் சமூக வழக்கம் எனக் கருதிப் பொறுத்துக்கொண்டது. கிறித்துவுக்குள் ஞானஸ்நானம் பெற்றவர்களிடையே வேறுபாடில்லை என்ற பவுலின் கலாத்தியர் நிருபப் போதனையோடு இது எவ்வாறு பொருந்தும் என்ற கேள்விக்கு நிறைவான விடை தரப்படவில்லை. கீழ்ப்பாக்கத்திலுள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி தலித் இறையியலை வளர்த்த இடங்களுள் ஒன்றாகும். ஞானஸ்நானத்தில் துறக்க வேண்டிய தீய ஆளுகைகளுள் சாதியும் ஒன்று என்பது தலித் இறையியலின் பார்வையிலிருந்து எழும் வாதம்.

சென்னையில்

தரங்கம்பாடியிலிருந்து பெஞ்சமின் சூல்சு 1726 இல் சென்னைக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த பிலிப்பு பப்ரிசியசு (1711–1791) வேப்பேரியில் நெடுங்காலம் பணியாற்றி வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தார். ஆங்கிலச் சங்கமொன்றின் பொருளுதவியில் நடந்த அந்த மிஷன் பின்னர் ஆங்கிலிக்கர் வசம் சென்றது. 1919 இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை லைப்சிக் மிஷனின் வழிவந்தது. புரசைவாக்கத்து அடைக்கலநாதர் ஆலயம் அதனுடையது. 1947 இல் தோன்றிய தென்னிந்தியத் திருச்சபையில் அது இணையவில்லை.

வேப்பேரி, புரசைவாக்கம், கீழ்ப்பாக்கம் என லுத்தரன் நினைவிடங்கள் நகரின் இப்பகுதியில் அமைந்திருக்க, தெற்கே மயிலாப்பூரின் சாந்தோம் பேராலயம் கத்தோலிக்க மரபின் அடையாளமாக உள்ளது. கத்தோலிக்கத் திருமுழுக்கு முறையில் தீய ஆவியை அகற்றும் மன்றாட்டும் எண்ணெய் பூசுதலும் இன்றும் இடம்பெறுகின்றன. லூதர் 1523 இல் வைத்திருந்தவற்றுக்கு அது ஒருவகையில் நெருக்கமானது.

சென்னைப் புரோட்டஸ்தாந்தரிடையே 1970களிலும் 1980களிலும் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் லயனல் கேப்லன், 1987 இல் அது குறித்து நூலொன்றை வெளியிட்டார். மறைப்பணியாளர்கள் வழி வந்த சபைகள் பேய், ஏவல், சூனியம் ஆகியவற்றை மூடநம்பிக்கை எனத் தள்ளிவிட்டன. ஆனால் எளிய குடும்பங்களில் நோய்க்கும் வேலையின்மைக்கும் அவையே காரணம் என்ற எண்ணம் மாறவில்லை. பெந்தெகொஸ்தே சபைகள் அந்த அச்சத்தை மறுக்காமல் அதற்குப் பரிகாரம் தந்தன என்பது அவர் கண்டது. இங்கு லுத்தரன் சபைகளுக்கு ஓர் இழப்பு தெரிகிறது. பிசாசைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய லூதரின் மரபு, நகரத்துப் படித்தவர்களின் கூச்சத்தால் அதைப் பேசாமல் விட்டது எனலாம்.

மறு ஞானஸ்நானம் பற்றிய கேள்வி

இதன் நடைமுறை விளைவு மறு ஞானஸ்நானத்தில் தெரிகிறது. குழந்தையாய் இருந்தபோது ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் பிற்காலத்தில் தீராத துன்பத்துக்கு உள்ளாகும்போது, உன்மேல் இன்னும் கட்டு இருக்கிறது, முழுகி மீண்டும் ஞானஸ்நானம் பெறு என்று அறிவுரை கூறப்படுவதுண்டு. லுத்தரன் போதனை இதனை ஏற்பதில்லை. ஞானஸ்நானத்தில் செயல்படுபவர் கடவுள். அவர் கொடுத்த வாக்கு பெற்றவரின் தவறுகளால் பழுதாவதில்லை. எனவே அது ஒரே முறை கொடுக்கப்படுகிறது. பிற சபைகளில் திரித்துவப் பெயரால் நீரைக்கொண்டு கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தையும் லுத்தரன் சபைகள் ஏற்கின்றன. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் எந்தக் கிறித்தவரும் அதைக் கொடுக்கலாம்.

அச்சத்தில் இருப்பவருக்கு லுத்தரன் போதகர் சொல்லக்கூடியது என்ன? பெரிய ஞானோபதேசத்தின்படி, பாவமும் மனச்சாட்சியும் நெருக்கும்போது நான் ஞானஸ்நானம் பெற்றவன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும். பெற்றேன் என்று கடந்துபோன நிகழ்ச்சியாகக் கூறாமல், பெற்றவன் என்று நிலைத்த உரிமையாகக் கூறுவதை இங்கு கவனிக்கலாம். மனந்திரும்புதல் என்பதும் ஞானஸ்நானத்துக்குத் திரும்பி வருவதே ஆகும். காலையில் எழும்போதும் இரவில் படுக்கும்போதும் சிலுவை அடையாளம் இட்டு வேண்டுமாறு சிறிய ஞானோபதேசம் பணிக்கிறது. ஞானஸ்நானத்தின்போது நெற்றியிலும் மார்பிலும் இடப்பட்ட அதே அடையாளமே அது.