பழைய மருந்துக்குப் புதிய பரீட்சை

அட்டாளைச்சேனையின் வயல் வரம்புகளில் வெறுங்காலோடு ஓடித் திரியும் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் கொடுத்த பூச்சிக் குளிசையை மென்று விழுங்கிவிட்டால் காரியம் முடிந்தது என்று உம்மா ஆறுதல் கொள்வது இயல்பே; ஆயினும், வேறு தொழிலுக்கென்று பிறந்த மருந்துகளை வயிற்றுப் பூச்சியின் மீது ஏவிப் பார்த்த நெடிய சரித்திரமொன்று அக்குளிசைக்குப் பின்னே உண்டு.

நம் அடுப்படி ஓமத்திலிருந்து வடித்தெடுக்கும் தைமோல், கிருமிநாசினியாகப் பெயர்பெற்ற பிறகே கொளுக்கிப்புழுவுக்கு ஔஷதமாயிற்று. 1916இல் ராக்பெல்லர் ஸ்தாபனம் இலங்கைத் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கிய சில ஆண்டுகளில், அமெரிக்க மிருகவைத்திய ஆராய்ச்சியாளர் மோரிஸ் ஹால், நெருப்பணைக்கவும் துணிக்கறை போக்கவும் பயன்பட்ட கார்பன் டெட்ராகுளோரைட்டை நாய்களுக்குக் கொடுத்து, தாமும் சிறிது அருந்திப் பார்த்து, 1921இல் அதன் வல்லமையை வெளியிட்டார். விலை மலிவான அத்திரவம் உலகெங்கும் பரவி, இலங்கைக்கும் வந்தது. ஆனால் புழுவை விரட்டியதோடு சிலரது ஈரலையும் அது கெடுத்தமையால், 1925இல் ஹாலே அதன் இனத்தைச் சேர்ந்த டெட்ராகுளோரோஎதிலீனை முன்வைத்தார்.

இன்றும் அவ்வழியே தொடர்கிறது. மெபெண்டசோலோ அல்பெண்டசோலோ ஒரே வேளை கொடுத்தால் வட்டப்புழு பெரும்பாலும் அடங்கும். சாட்டைப்புழுவோ எளிதில் அசையாது. ஆகவே 1981இல் கால்நடைகளுக்கென்று சந்தைக்கு வந்த ஐவர்மெக்டினை அல்பெண்டசோலுடன் சேர்த்துப் பரீட்சித்தார்கள். பூனை நாய்களுக்குரிய எமோடெப்சைடைத் தான்சானியாவின் பெம்பாத் தீவில் மனிதருக்குக் கொடுத்துப் பார்த்து, சாட்டைப்புழுவை அது நன்கு வெல்வதாக 2023இல் அறிவித்தார்கள்.

வென்றதென்று எப்படி அறிவது? சல்லடையில் தேய்த்த மலத்தில் 41.7 மில்லிகிராமை அச்சுத் துளையில் அளந்து, கண்ணாடித் தகட்டிலிட்டு, கிளிசரினில் ஊறிய செலோபேனால் மூடி அழுத்தி, நுணுக்குக்காட்டியில் தெரியும் முட்டைகளை எண்ணி, 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்குரிய தொகை கிடைக்கும். மருந்துக்கு முன்னும், இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின்னும் இவ்வாறு எண்ணி ஒப்பிடுகிறார்கள். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: கொளுக்கிப்புழுவின் முட்டை மென்மையானதாகையால், கிளிசரின் அதைச் சிறிது நேரத்திலேயே கரைந்தாற்போல் மறைத்துவிடும். ஒரு மணி நேரம் தாமதித்துப் பார்ப்பவன், இருந்த முட்டையைக் காணாமல், வேலை செய்யாத மருந்துக்கும் வெற்றி எழுதிவிடுவான். பழைய மருந்தின் கீர்த்தியை மட்டும் நம்பிப் பரீட்சையைத் தவிர்ப்பவனும் அதே பிழையைத்தான் செய்கிறான்.