முதல்ல கேளுங்க... கட்டை நகருமா?

பிளஸ் ஒன் சயின்ஸ் குரூப் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். பத்தாம் வகுப்பில் அறிவியலில் 90-க்கு மேல் வாங்கிய பிள்ளை, இயற்பியல் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு பேனா மூடியைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கும். புத்தகத்தில் ஒரு படம். மேசை மேல் ஒரு கட்டை, அதில் கட்டிய கயிறு, மேசை விளிம்பில் ஒரு கப்பி, கயிற்றின் மறுமுனையில் தொங்கும் இன்னொரு கட்டை.

'மேசை வழுவழுப்பானது, உராய்வு இல்லை' என்று கணக்கில் இருக்கும்வரை யாருக்கும் பிரச்னை இல்லை. உராய்வு உள்ளே வந்ததும்தான் குழப்பம். காரணம், பல பிள்ளைகள் உராய்வைச் சூத்திரத்தில் போடும் ஓர் எண்ணாக மட்டுமே பார்க்கிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மேசை மேல் 4 கிலோ கட்டை. தொங்குவது 1 கிலோ. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்றே வைத்துக்கொள்வோம். கட்டையின் முடுக்கம் என்ன?

மனப்பாடம் செய்த பிள்ளை உடனே எழுதும்: மேசை கட்டையைத் தாங்கும் செங்குத்து விசை 40 நியூட்டன், அதை 0.5-ஆல் பெருக்கினால் உராய்வு 20 நியூட்டன். தொங்கும் கட்டை இழுப்பது 10 நியூட்டன். பத்தில் இருபது போனால் மைனஸ் 10. மொத்த நிறை 5 கிலோவால் வகுத்தால் முடுக்கம் மைனஸ் 2.

இந்த விடை என்ன சொல்கிறது தெரியுமா? மேசை மேல் இருக்கும் கட்டை தானாகப் பின்னால் நகர்ந்து, தொங்கும் கட்டையை மேலே தூக்குமாம்! நடுராத்திரியில் இப்படி நடந்தால் வீட்டைக் காலி செய்துவிட மாட்டோமா? ஆனால் தேர்வுத் தாளில் நடந்தால், சில பிள்ளைகள் மைனஸை மட்டும் அழித்துவிட்டு '2' என்று குறித்துவிடுகிறார்கள். நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானதற்கு 1 கழியும். ஆக, அழிக்கப்பட்ட அந்த மைனஸின் விலை 5 மதிப்பெண்.

வீட்டில் இருக்கும் பீரோவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு விரலால் தள்ளுகிறீர்கள், நகராது. விரல் கொடுத்த அதே அளவு விசையைத் தரை எதிர்த்திசையில் கொடுக்கிறது. இரண்டு கையாலும் தள்ளினால் தரையும் கூட்டிக் கொடுக்கிறது. தரை எப்போதுமே தன் முழு பலத்தையும் காட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் விரலை வைத்ததும் பீரோ உங்கள் மேலேயே பாய்ந்திருக்கும். உராய்வு, கேட்ட அளவுக்குத்தான் கொடுக்கும். அதற்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கினால் கிடைப்பது அந்த வரம்புதான்.

நம் கணக்கில் வரம்பு 20. இழுப்பதோ 10. எனவே உராய்வும் 10 நியூட்டன், கட்டை நகராது, முடுக்கம் பூஜ்யம். அவ்வளவுதான்!

இப்போது தொங்கும் கட்டையை 3 கிலோ ஆக்குவோம். இழுப்பது 30, வரம்பு 20. கட்டை நகர்ந்துவிடும். நகர ஆரம்பித்ததும் பொறுப்பு இயக்க உராய்வுக்குப் போய்விடுகிறது. அதன் குணகம் பெரும்பாலும் சற்றுக் குறைவு, 0.4 என்போம். உராய்வு 16 நியூட்டன். 30-ல் 16 போக 14, மொத்த நிறை 7 கிலோ. முடுக்கம், விநாடிக்கு விநாடி 2 மீட்டர்.

இங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. கயிற்றின் இழுவிசை எவ்வளவு? '3 கிலோ தொங்குகிறது, ஆகவே 30' என்பார்கள். கயிறு 30 நியூட்டனால் மேலே இழுத்தால், எடையும் 30 ஆக இருக்க, அந்தக் கட்டை கீழே வேகமெடுக்கவே முடியாதே! தொங்கும் கட்டையை மட்டும் தனியாக வரையுங்கள். கீழே 30, மேலே இழுவிசை, மிச்சம் 3 பெருக்கல் 2, அதாவது 6. இழுவிசை 24. மேசைக் கட்டையைத் தனியாக வரைந்து சரிபாருங்கள். 24-ல் உராய்வு 16 போனால் 8. நான்கு கிலோவுக்கு 2 மீட்டர் முடுக்கம் என்றாலும் 8. கணக்கு கச்சிதம். இரண்டு கட்டைக்கும் தனித்தனிப் படம் போடச் சொல்லி ஆசிரியர்கள் மன்றாடுவது இதற்காகத்தான். சோம்பல்படாமல் போட்டுவிட்டால் விடையைச் சரிபார்க்க வேறு யாரும் தேவையில்லை.

கணக்கைத் திருப்பியும் போடலாம். குணகம் தெரியாது, ஆனால் தொங்கும் கட்டை ஓய்விலிருந்து 1 மீட்டர் இறங்க 1 விநாடி ஆனது என்றால், முடுக்கம் 2. ஏழு கிலோவுக்குத் தேவை 14 நியூட்டன். இழுத்தது 30. காணாமல்போன 16-தான் உராய்வு.

வீட்டிலேயே செய்து பார்க்க ஆசையா? 1 கிலோ உப்புப் பாக்கெட்டை மேசை மேல் வைத்து நூல் கட்டுங்கள். நூல்கண்டுக்குள் பென்சிலைச் செருகி, மேசை விளிம்பை ஒட்டி ஒருவர் பிடித்துக்கொண்டால் அதுவே கப்பி. நூலை அதன் மேல் போட்டு, மறுமுனையில் காலி வாட்டர் பாட்டிலைத் தொங்கவிட்டு, அளந்து அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். பாக்கெட் அசையும்போது பாட்டிலில் 300 மில்லி இருந்தால், ஓய்வுநிலை உராய்வுக் குணகம் சுமார் 0.3. பாக்கெட்டுக்கு மேல் இன்னொரு பாக்கெட்டை வைத்தால் தண்ணீரும் ஏறக்குறைய இரட்டிப்பாகக் கேட்கும்.

இதே ஏற்பாட்டை, மேசை, கட்டை, தொங்கும் எடை சகிதம், லியோனார்டோ டா வின்சி தன் குறிப்பேட்டில் 500 ஆண்டுகளுக்கு முன்பே வரைந்துவைத்திருக்கிறார். எடை கூடினால் அதே விகிதத்தில் உராய்வும் கூடும் என்றும் கண்டுகொண்டார். அந்தக் குறிப்புகள் வெளிவராமல் கிடந்ததால், 1699-ல் பிரான்ஸின் அமோந்தோன் அதை மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கடைசியாக, திசை. 'உராய்வு எப்போதும் பின்னால் இழுக்கும்' என்பது பாதி உண்மை. மினி லாரியில் தக்காளிப் பெட்டி ஏற்றியிருக்கிறார்கள், கயிறு கட்டவில்லை. லாரி கிளம்பும்போது பெட்டியை முன்னால் கொண்டுபோவது எது? லாரியின் தளம் கொடுக்கும் உராய்வேதான், அதுவும் முன்னோக்கி! ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டைகள் இருக்கும் கணக்குகளில் இதை மறப்பவர்கள் அதிகம். பிரேக் போடும்போது அதே உராய்வு பின்னோக்கித் திரும்பிப் பெட்டியைப் பிடித்து நிறுத்துகிறது. குணகம் 0.5 என்றால், அது தரக்கூடிய அதிகபட்ச முடுக்கம் 5. பெட்டியில் 10 கிலோ இருந்தாலும் 50 கிலோ இருந்தாலும் இதே 5-தான், நிறை இரண்டு பக்கமும் அடிபட்டுப்போகிறது. மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகும் லாரியை டிரைவர் 2 விநாடிக்கும் குறைவான நேரத்தில் நிறுத்தினால், லாரி நிற்கும், பெட்டி நிற்காது.