கடிதத்தில் நண்பன், நேரில் பகைவன்

கண்டாலே எரிந்துவிழும் இருவர் கடைசிப் பக்கத்தில் காதலர்களாக நிற்பார்கள் என்பது முதல் அத்தியாயத்திலேயே வாசகருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தும் இவ்வகைக் காதல் கதைகளை உலகம் நூற்றாண்டுகளாக விரும்பிப் படிக்கிறது. அண்மை ஆண்டுகளில் ஆங்கிலத்தில் இதனோடு மாயாஜாலமும் குறும்பான கற்பனையும் கலந்து, தனியொரு வகையாகவே வளர்ந்திருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் மேகன் பானன் 2022இல் வெளியிட்ட ‘தி அண்டர்டேக்கிங் ஆஃப் ஹார்ட் அண்ட் மெர்சி’ அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இந்தக் கதைகள் ஏன் இவ்வளவு ஈர்க்கின்றன, பாதி வழியில் ஏன் எரிச்சலூட்டுகின்றன என்ற இரண்டு கேள்விக்கும் இந்நாவல் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறது: யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதை. இருவரும் ஒரே அளவு அறிந்தோ அறியாமலோ இருக்கும்வரை கதை இனிக்கிறது. ஒருவருக்கு மட்டும் உண்மை தெரிந்து, அவர் அதை மறைக்கத் தொடங்கியதும் கசக்கிறது.

நாவலின் களம் டான்ரியா என்ற ஆபத்தான நிலப்பகுதியும் அதையொட்டிய ஊர்களும். அங்கே செத்தவர்களின் உடல்கள் எழுந்து நடமாடுகின்றன. அவற்றை அடக்கிக் காவல் புரிவது நாயகன் ஹார்ட்டின் வேலை. அவன் கொண்டுவரும் உடல்களைப் பெற்று இறுதிச்சடங்குக்கு ஆயத்தம் செய்வது நாயகி மெர்சியின் குடும்பத் தொழில். நோய்வாய்ப்பட்ட தந்தையின் பொறுப்பையும் சேர்த்துச் சுமப்பவள் அவள். பழைய மனக்கசப்பு ஒன்றால் இருவருக்கும் ஒத்துப்போவதே இல்லை. தனிமை தாங்காத ஓர் இரவில், பெயரும் முகவரியும் இல்லாமல், “நண்பருக்கு” என்று மட்டும் குறித்து ஹார்ட் ஒரு கடிதம் எழுதி அஞ்சல் பெட்டியில் போடுகிறான். அது மெர்சியின் கைக்கே போய்ச் சேர்கிறது. அவள் பதில் எழுதுகிறாள். இந்தக் கடிதங்களைச் சுமப்பவை பேசும் விலங்குகள். ஒன்று பகட்டாக உடுத்தும் ஆந்தை, இன்னொன்று வாய்த்துடுக்குள்ள முயல். பிணமும் இழவும் நிறைந்த கதைக்குள் இந்தக் குறும்பு வெறும் அலங்காரமாக ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. சாவைப் பற்றி வாசகர் மிரளாமல் யோசிக்க அது இடம் தருகிறது. முகவரியற்ற கடிதம்கூட உரியவரைத் தேடிப் போகும் என்ற மாயம், தனித்திருப்பவருக்கும் எங்கோ ஒரு துணை உண்டு என்ற நாவலின் நம்பிக்கையையே சொல்கிறது.

நாவலின் முற்பகுதி தரும் இன்பம் இங்கேதான் பிறக்கிறது. பகைவர்களுக்குள் ஒரு விசித்திரமான சமத்துவம் உண்டு. ஒருவர் மனத்தில் நல்ல பெயர் வாங்க மற்றவர் முயல்வதில்லை. எனவே நடிப்பும் இல்லை. மெர்சிக்குப் பிடிக்காததை ஹார்ட் முகத்துக்கு நேரே சொல்கிறான், அவளும் சொல்லுக்குச் சொல் திருப்பித் தருகிறாள். இந்தச் சண்டையில் இருவரின் குறைகளும் வெளிப்படுகின்றன. கடிதத்தில் அதே இருவரின் பயமும் துயரமும் ஆசையும் வெளிப்படுகின்றன. பொதுவாகக் காதலர்கள் ஒருவர் குறையை மற்றவர் அறியப் பல காலம் ஆகும். இங்கே குறைகளை நேரிலும் நிறைகளைத் தாளிலும் ஒரே காலத்தில் அறிந்துகொள்கிறார்கள். இரண்டும் ஒரே மனிதருடையவை என்பது மட்டும்தான் தெரியவில்லை. அது வாசகருக்குத் தெரியும். ‘நீ திட்டுவதும் இவனைத்தான், தேடுவதும் இவனைத்தான்’ என்று அவர் உள்ளுக்குள் பதைக்கிறார். அந்தப் பதைப்புதான் பக்கங்களைப் புரட்ட வைக்கிறது.

பிறகு இருவரும் நேரில் சந்திப்பதென்று முடிவாகிறது. தன் நண்பர் யாரென்று ஹார்ட்டுக்குத் தெரிந்துவிடுகிறது, மெர்சிக்குத் தெரிவதில்லை. அவன் சொல்வதுமில்லை. இந்தத் திருப்பத்துக்கு நீண்ட வம்சாவளி இருக்கிறது. ஹங்கேரியரான மிக்லோஷ் லாஸ்லோ எழுதிய ‘பார்ஃப்யூமரி’ நாடகம் 1937இல் மேடையேறியது. அதை வைத்து எர்ன்ஸ்ட் லுபிட்ச் 1940இல் ‘தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்’ படத்தை எடுத்தார். அதில் புடாபெஸ்ட் கடையொன்றில் வேலை பார்க்கும் இருவர் கடையில் அடித்துக்கொள்கிறார்கள், பெயர் தெரியாமல் கடிதத்தில் உருகுகிறார்கள். நோரா எஃப்ரான் 1998இல் அதையே மின்னஞ்சல் காலத்துக்கு மாற்றி ‘யூ’வ் காட் மெயில்’ எடுத்தார். இந்த இரண்டு படங்களிலும், பானனின் நாவலிலும், முதலில் உண்மையை அறிபவன் ஆண். அறியாமல் விடப்படுபவள் பெண். எஃப்ரானின் படத்தில் நிலைமை இன்னும் மோசம். நாயகனின் பெரிய புத்தகக்கடையால் நாயகியின் சிறிய கடை மூடப்படுகிறது. அதற்குப் பிறகும் அவள் தன் மனத்தை யாரிடம் திறக்கிறாள் என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். சமமாக நின்று சண்டையிட்ட இருவரில் ஒருவர் கையில் மட்டும் எதிராளியின் அந்தரங்கம் முழுவதும் இருக்கிறது. அதுவரை ஆட்டமாக இருந்தது அங்கே சோதனையாக மாறிவிடுகிறது. வாசகரின் எரிச்சல் நியாயமானது.

மறைத்தவனின் நோக்கம் தீயதல்லவே என்று கேட்கலாம். உண்மைதான். சொன்னால் இருக்கும் ஒரே நட்பும் போய்விடும் என்ற அச்சமே ஹார்ட்டைத் தடுக்கிறது. அந்த அச்சத்தை நாவல் பரிவோடு எழுதியிருக்கிறது. ஆனால் நோக்கம் நல்லதென்பதால் அவளுக்கு நேரும் இழப்பு குறைந்துவிடாது. யாரை நம்புவது, எவ்வளவு சொல்வது என்று முடிவெடுக்கும் உரிமை மெர்சியுடையது; அந்த உரிமைதான் அவளிடமிருந்து எடுக்கப்படுகிறது. உண்மை வெளிப்படும்போது அவள் கோபப்படுகிறாள். அந்தக் கோபத்தை நாவலாசிரியர் மழுப்பவில்லை என்பது நாவலின் நேர்மைக்குச் சான்று. அறிந்த அன்று ஹார்ட் சொல்லாதிருந்தது தயக்கம். நெருக்கம் வளர்ந்த பிறகும் சொல்லாதிருப்பது வஞ்சனை. இடையில் ஓடும் ஒவ்வொரு அத்தியாயமும் அவன்மீது நமக்குள்ள பரிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது.

யாரோ ஒருவருக்கு உண்மை தெரியாமல் இருந்தால்தானே கதையில் விறுவிறுப்பு என்பது அடுத்த வாதம். இதற்கு 1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ மறுமொழி தருகிறது. அதிலும் பகை இருக்கிறது, கதையைத் திருப்பும் கடிதமும் இருக்கிறது. ஆனால் நாயகன் டார்சி அந்தக் கடிதத்தைத் தன் பெயரிலேயே எழுதி, நாயகி எலிசபெத்தின் கையில் தானே கொடுக்கிறான். தனக்குத் தெரிந்ததை அவளுக்கும் தெரியப்படுத்துகிறான். அத்தோடு கதை சப்பென்று போய்விடவில்லை. அதற்குப் பிறகுதான் எலிசபெத் தன் பழைய தீர்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபரிசீலனை செய்கிறாள். பின்னால் அவளுடைய குடும்பத்துக்கு டார்சி மறைவாகச் செய்யும் உதவியும், அவள் அவனுக்குச் சம்மதம் சொல்லும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது, எப்போது தெரியும் என்பதைவிட ஆழமான கேள்வி. ஆஸ்டினின் நாவல் இன்றும் படிக்கப்படுவதற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

முயல் தபால் கொண்டுவரும் உலகத்தில் போய் நியாய அநியாயம் பார்ப்பதா என்றும் சிலர் கேட்பார்கள். கற்பனைக் கதை இயற்கையின் விதிகளைத் தளர்த்தலாம். அது அதன் சுதந்திரம். மனித மனத்தின் விதிகளை அது தளர்த்துவதில்லை, தளர்த்தினால் நமக்கு அந்தக் காதலில் அக்கறையே பிறக்காது. செத்தவர் எழுந்து நடப்பதை நாம் ஏற்றுக்கொள்வதே, உயிரோடிருப்பவர்கள் நம்மைப்போல் நோவார்கள், நம்மைப்போல் ஏங்குவார்கள் என்ற உறுதியின்மேல்தான். மெர்சியின் தனிமைக்காக நம்மைக் கலங்கவைத்த நாவல், அவள் ஏமாற்றப்படும்போது மட்டும் இது விளையாட்டுதானே என்று சொல்லித் தப்ப முடியாது.

அதனால் இவ்வகைக் கதைகளை ஒதுக்கவேண்டியதில்லை. வாய்த்துடுக்கும் பரிவும் ஒரே ஆளிடம் இருக்க முடியும், நாம் வெறுப்பவரிடமும் நாம் காணாத ஒரு பாதி உண்டு என்று இவை சொல்வது பெரிய விஷயம். மனிதர்களை அவசரப்பட்டுத் தீர்ப்பிடும் காலத்தில் அது தேவையான விஷயமும்கூட. ஆனால் பகையிலிருந்து காதலுக்குப் போகும் வழியில் இருவரும் ஒரே வெளிச்சத்தில் நடக்கவேண்டும். சண்டையில் சமமாக இருந்தவர்களைச் சமாதானத்திலும் சமமாக வைத்திருக்கும் எழுத்தாளருக்கு, முடிவு முன்பே தெரிந்த கதையிலும் வாசகரின் முழு நம்பிக்கை கிடைக்கும்.