பாறையேறும் சிற்றுந்து

மேடு பள்ளங்களைக் கண்டு அஞ்சாது ஏறும் ஊர்திகளை மனிதன் என்றும் விரும்பி வந்துள்ளான். அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியில், கலிபோர்னியாவிலுள்ள ரூபிகான் வழி, யூட்டா மாநிலத்து மோவாப் முதலிய இடங்களில், நான்கு சக்கரங்களாலும் உந்தப்படும் வண்டிகளைப் பாறைகளின்மீது மெல்ல மெல்ல ஏற்றிச் செல்லுதல் ஒரு விளையாட்டாகவே வளர்ந்துள்ளது. அவ்வண்டிகளைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, வானொலி அலைகளால் இயங்கும் சிற்றுந்துகளாகவும் செய்துள்ளனர். 1898-ஆம் ஆண்டில் நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர், நியூயார்க் நகரில் ஒரு சிறு படகைக் கம்பித் தொடர்பின்றித் தொலைவிலிருந்தே இயக்கிக் காட்டினார். அன்று கண்டோரை வியப்பில் ஆழ்த்திய அக்கலை, இன்று சிறுவர் கைகளுக்கும் எட்டிவிட்டது.

பாறையேறும் சிற்றுந்து விரைவுக்கென ஏற்பட்டதன்று, பொறுமைக்கென ஏற்பட்டது. எனினும் அதனிடத்து ஒரு குறை அடிக்கடி தோன்றுவதுண்டு. நேரே செல்லும்பொழுது இனிது ஓடும் வண்டி, முன்சக்கரங்களை முழுவதும் திருப்பியவுடன் திணறும். அச்சு இறுகும், சக்கரம் விட்டு விட்டுத் துள்ளும், சக்கரங்களைத் திருப்பும் சர்வோ மோட்டார் முனகும். இதனைக் காணும் சிறுவன், வண்டிக்கு வலிமை போதவில்லை என்று எண்ணுவான்; பொருள் செலவிட்டு வலிமை மிக்க மோட்டாரைப் பொருத்துவான். அதன் பயன் யாது? முன்னர் இறுகி நின்ற அச்சு, இப்பொழுது முறிந்தே போகும். குறை வலிமையில் இல்லை. வழியிலுள்ள தடையில் உள்ளது.

அத்தடை எங்கே உள்ளது என்பதை அறிய, முன் அச்சின் அமைப்பை அறிதல் வேண்டும். முன்சக்கரம் இரண்டு தொழில்களை ஒருங்கே செய்கின்றது. அது சுழலவும் வேண்டும். பக்கவாட்டில் திரும்பவும் வேண்டும். நேரான கம்பி ஒன்றால் இவ்விரண்டும் இயலா. ஆதலின், அச்சின் முனையில் ‘யூனிவர்சல் ஜாயின்ட்’ என்று வழங்கும் மூட்டு ஒன்றை அமைப்பர். இரண்டு கவைகளை ஒரு சிலுவைக் கட்டையால் இணைத்தாற்போன்றது அது. ஆங்கில அறிஞர் ராபர்ட் ஹூக் (1635–1703) பெயராலும், இத்தாலிய அறிஞர் கார்டானோ (1501–1576) பெயராலும் அதனை அழைப்பதுண்டு.

இம்மூட்டுக்கு இயல்பாகவே ஒரு குணம் உண்டு. அது வளைந்திருக்கும்பொழுது, ஒரு புறம் சீராகச் சுழன்றாலும் மறுபுறம் சீராகச் சுழல்வதில்லை. உள் அச்சு நிமிடத்திற்கு 100 சுற்று வீதம் சீராகச் சுழல்வதாகக் கொள்வோம். மூட்டு 30 பாகை வளைந்திருப்பின், சக்கரத்தின் வேகம் ஏறத்தாழ 87-க்கும் 115-க்கும் இடையே ஏறி இறங்கும். 45 பாகை வளைப்பின், அது 71-க்கும் 141-க்கும் இடையே தாவும். இவ்வேற்றத்தாழ்வு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நிகழும். வளைவு மேலும் மிகுந்தால், கவைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். சக்கரத்தின் துள்ளலுக்கும் அச்சின் இறுக்கத்துக்கும் இதுவே காரணம்.

மருந்து கொடுக்குமுன் மருத்துவன் நாடி பார்க்கின்றான். அவ்வாறே இங்கும் ஆராய்தல் வேண்டும். முதலில் மின்கலத்தைக் கழற்றிவிட்டு, சக்கரங்கள் தரையில் படாதவாறு வண்டியை உயர்த்தி வைத்தல் நன்று. பின்னர்ச் சர்வோவின் கையைக் கழற்றிவிட்டு, சக்கரங்களை விரலால் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்பொழுதும் அவை இறுக்கமாகத் திரும்பின், திருகாணி மிகையாக முடுக்கப்பட்டிருக்கலாம். பேரிங்கில் மணல் புகுந்திருக்கலாம். அடுத்து, அச்சைக் கழற்றிக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். சுற்றுக்கு ஒருமுறை இறுகின், அச்சு வளைந்திருத்தல் கூடும். முழுவதும் திருப்பிய நிலையில் மட்டும் சுற்றுக்கு இருமுறை இறுகின், குறை மூட்டினுடையது எனத் தெளியலாம்.

மூட்டின் குறைக்கு எளிய மருந்து, திருப்பத்தை அளவுபடுத்துவதே. கையிலுள்ள இயக்குகருவியில் திருப்பத்தின் எல்லையைக் குறைக்கும் அமைப்பு உண்டு. மூட்டு முட்டுமிடத்துக்குச் சற்று முன்னரே சர்வோ நிற்குமாறு அதனை அமைத்தல் வேண்டும். இல்லையேல், அடைய முடியாத இடத்தை அடைய முயன்று சர்வோ இடைவிடாது மின்சாரத்தை உண்ணும். இறுதியில் சூடேறிக் கருகும். மூட்டின் நடுப்புள்ளி, சக்கரம் திரும்பும் முளைகளின் நேர்க்கோட்டில் அமைதலும் வேண்டும். அது விலகியிருப்பின், மெல்லிய வளையத் தகடு ஒன்றை இட்டுச் சரிசெய்யலாம். இரண்டு மூட்டுகளை அடுத்தடுத்து இணைத்த அச்சு கிடைப்பின் இன்னும் நன்று. ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றொன்று பெரும்பாலும் ஈடுசெய்யும். பெரிய கார்களில், ஆல்பிரட் ரெஸெப்பா 1920-களில் வகுத்த, ஆறு குண்டுகள் கொண்ட மூட்டு இப்பணியைச் செவ்வனே செய்கின்றது.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. பாறையில் பிடிப்புக் கிடைத்தற்பொருட்டு, இச்சிற்றுந்தின் இரு பக்கத்துச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலுமாறு பிணைத்திருப்பர். வளைவில் உட்புறச் சக்கரம் செல்லும் தொலைவு குறைவு. வெளிப்புறச் சக்கரம் செல்லும் தொலைவு மிகுதி. ஆதலின், பிடிப்பு மிகுந்த தரையில் ஏதேனும் ஒரு சக்கரம் சறுக்கியே தீரும். உயர்த்தி வைத்தபொழுது இனிது சுழன்று, தரையில் மட்டும் வண்டி திணறுமாயின், அது நோயன்று, அமைப்பின் இயல்பு. நோயல்லாததற்கு மருந்து தேடுவோன், நல்ல வண்டியையும் கெடுப்பான்.

முட்டி நிற்கும் பொறியின்மீது மேலும் வலிமையைச் செலுத்துதல் எளிது. அது நின்றதன் காரணத்தைப் பொறுமையுடன் தேடுதல் அரிது. எளியதைச் செய்தவன் கையில் முறிந்த அச்சு எஞ்சும். அரியதைச் செய்தவனோ ஒரு மெல்லிய தகட்டினாலும் ஒரு சிறு திருத்தத்தினாலும் தன் வண்டியைப் பாறையின் உச்சியில் ஏற்றி நிறுத்துவான்.