24 பாட்டுக்கு எவ்வளவு அபராதம்?

கசா என்ற மென்பொருள் வழியே 24 பாட்டுகளைப் பகிர்ந்தார் என்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துப் பெண் ஒருவர் மீது இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டன. ஐடியூன்ஸில் அப்போது ஒரு பாட்டின் விலை 99 சென்ட். 2007-ல் ஜூரி விதித்தது 2,22,000 டாலர். ஜூரிக்குச் சட்டத்தைத் தவறாக விளக்கிவிட்டதாகச் சொல்லி, நீதிபதி மைக்கேல் டேவிஸே அதை ரத்து செய்தார். 2009-ல் மறுவிசாரணை. அதே பெண், அதே பாட்டுகள். தொகை மட்டும் 19,20,000 டாலர்! நீதிபதி 54,000 ஆகக் குறைத்தார், நிறுவனங்கள் ஏற்கவில்லை. 2010-ல் மூன்றாவது ஜூரி 15 லட்சம் என்றது.

அந்தப் பெண் அப்பாவி அல்ல. மூன்று ஜூரிகளில் ஒன்றுகூட அவர் பக்கம் நிற்கவில்லை. 25,000 டாலரில் சமரசம் பேச வந்தபோதும் மறுத்துவிட்டார். ஆனால் ஒரே குற்றத்துக்கு மூன்று ஜூரிகள் மூன்று தொகை சொன்னால், கோளாறு அளவுகோலில்தான் இருக்க வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை இழப்பீடு. தெரிந்தே செய்திருந்தால் 1,50,000 வரை போகலாம். நஷ்டத்தை நிரூபிக்கத் தேவையில்லை. பிரதிகள் எத்தனை கைக்குப் போயின என்று எண்ண முடியாது என்பதால், அந்த ஏற்பாட்டில் நியாயம் உண்டு. கள்ள சிடி விற்றுக் காசு பார்ப்பவரையும், பைசா லாபமில்லாமல் பகிர்ந்தவரையும் ஒரே வரம்புக்குள் அடைத்ததுதான் எனக்கு ஒப்பவில்லை. சட்டத்தைத் திருத்துங்கள் என்று டேவிஸும் 2008-லேயே நாடாளுமன்றத்தை மன்றாடிக் கேட்டிருந்தார்.

2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய 2,22,000-ஐயே மீண்டும் விதிக்கச் சொன்னது. அதற்குத் துணை நின்றது 1919-ஆம் ஆண்டின் ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆர்கன்சாவில் பயணிகளிடம் ஆளுக்கு 66 சென்ட் கூடுதலாக வாங்கிய ரயில் கம்பெனி, ஆளுக்கு 75 டாலர் தண்டம் கட்டியது சரி என்றது அந்தத் தீர்ப்பு. கம்பெனியிடமிருந்து தனிமனிதரைக் காத்த வாதம், இங்கே தனிமனிதருக்கு எதிராகக் கம்பெனிகளுக்குக் கைகொடுத்தது. 2013-ல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்துவிட்டது.

இத்தனைக்கும், ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குப் போட்டுவந்த இசைத்துறைச் சங்கம், புது வழக்குகளை நிறுத்தப்போவதாக 2008 டிசம்பரிலேயே அறிவித்திருந்தது.

மினசோட்டாவின் வடக்கு எல்லையைத் தாண்டினால் கனடா. அங்கே 2012-ல் சட்டத்தைத் திருத்தி, வணிக நோக்கமில்லாத மீறலைத் தனியாகப் பிரித்தார்கள். பாட்டு எத்தனை ஆனாலும், சட்டம் நிர்ணயித்த இழப்பீடு மொத்தமாக 100 முதல் 5,000 கனடிய டாலருக்குள்தான்.